வேலை போன அன்றே வரட்டும் உதவி

நடுவர் அவர்களே, மயிலாப்பூரில் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். "வேலையில்லாதவருக்கு உதவித்தொகையை நீட்டிப்பது கைகொடுக்குமா, கையைக் கட்டிப்போடுமா?" கைகொடுக்கும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "மாதாமாதம் பணம் வந்தால் எவன் வேலை தேடுவான்?" என்று கேட்டார். எவ்வளவு பணம் என்று அவர் சொல்லவில்லை. நம் மாநில அரசின் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பத்தாவது தேறியவருக்கு 300. அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பிறகு, மூன்று வருடத்துக்கு மட்டும். நாளுக்கு 20 ரூபாய், நடுவர் அவர்களே! தாம்பரத்துப் பையன் ஒரகடம் போய் இன்டர்வியூ முடித்துத் திரும்ப பஸ் காசுக்கே காணாது. இதை வாங்கிக்கொண்டு யாரால் சோம்பேறியாக இருக்க முடியும்?

சரி, வேலையில் இருந்து அதை இழந்தவருக்கு? இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் 2018-ல் ஒரு திட்டம் வந்தது. சம்பளத்தில் கால் பங்கு என்று ஆரம்பித்து, 2020-ல் கொரோனா நேரத்தில் பாதியாக்கினார்கள். அப்புறம் தேதி போட்டு நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே 90 நாள்தான்.

என் அண்ணனுக்கு அந்த உதவியும் கிடைக்கவில்லை. ஆலையில் ஆள் குறைத்தபோது வேலை போனது. முதல் மாதமே அண்ணியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. நாலாவது மாதம் போன் ரீசார்ஜைத் தள்ளிப்போட்டோம். ரீசார்ஜ் முடிந்தால் இன்கமிங்கும் நின்றுவிடுமே! அந்த வாரம் பார்த்து மறைமலைநகரில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருக்கிறது. கூட மனு போட்ட நண்பர் வீட்டுக்கு வந்து சொன்னபோது இடம் நிரம்பிவிட்டது. அண்ணன் அந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ், போட்டோ, பஸ், இஸ்திரி போட்ட சட்டை: வேலை தேடுவதற்கே காசு வேண்டும் ஐயா.

எதிரணி அமெரிக்காவைக் காட்டியது. அங்கே கொரோனா நேரத்தில் வேலையில்லாதவருக்கு வழக்கமான உதவித்தொகைக்கு மேல், 2021 செப்டம்பர் வரை வாரம் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதி மாநிலங்கள், பெரும்பாலும் குடியரசுக் கட்சி ஆளுநர்கள் இருந்தவை, "வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று முன்கூட்டியே நிறுத்தின. தொகையை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு உடனே வேலை கிடைத்துவிடவில்லை. வீட்டுச் செலவுதான் சுருங்கியது. அந்த அடி தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் விழும்.

பக்கத்துக் கர்நாடகம் 2024 ஜனவரியிலிருந்து வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது, இரண்டு வருடம் வரை. இங்கே 600 மட்டும் ஏன் அசையாமல் கிடக்கிறது? அந்த ஐந்து வருடக் காத்திருப்பை எடுங்கள், 90 நாளை ஆறு மாதமாக்குங்கள், வேலை போன மாதமே பணம் கைக்கு வரட்டும்.

அண்ணனுக்கு ஏழாவது மாதம் வேலை கிடைத்தது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.