காரணம் மறந்து போச்சு, பழக்கம் மட்டும் போகல! சகுனமும் குடும்ப ஜோக்கும் கைமாறுற கதை

(திரையில்: நகவெட்டி, பக்கத்துல எரியுற பல்பு)

ராத்திரில நகம் வெட்டாதேன்னு திட்டு வாங்காதவங்க கைய தூக்குங்க பாப்போம். ஜப்பான்லயும் இதே கதைதான், அங்க ராத்திரி நகம் வெட்டினா அப்பா அம்மா சாகும்போது பக்கத்துல இருக்க முடியாதுன்னு மிரட்டுவாங்க. இருட்டுல கத்தி வச்சு வெட்டின காலத்துல அதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கலாம், பல்பு வந்தப்புறமும் திட்டு நிக்கலயே, ஏன்?

(திரையில்: கறுப்பு பெட்டி, குச்சி)

2005-ல விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெட்டிக்குள்ள பரிசு வச்சு, மேல இருக்குற ஓட்டைல குச்சிய விட்டு குத்திட்டு அப்புறம் முன்பக்க கதவு வழியா எடுத்து சிம்பன்சிங்களுக்கும் குழந்தைங்களுக்கும் காட்டினாங்க. மேல குத்துறது சும்மா டம்மி, அதனால ஒண்ணும் நடக்காது. உள்ள தெரியாத பெட்டில சிம்பன்சியும் அப்படியே காப்பியடிச்சுது. உள்ள தெரியுற பெட்டிய குடுத்ததும் பெரும்பாலும் அந்த வெட்டி வேலைய விட்டுட்டு நேரா கதவுக்கு போயிடுச்சு. நம்ம மூணு நாலு வயசு வாண்டுங்க? டம்மின்னு கண்ணு முன்னாடியே தெரிஞ்சும் மேல குத்திட்டுதான் எடுத்துச்சுங்க!

சிரிக்காதீங்க, என்ன கேட்டா குழந்தைங்க பண்ணதுதான் சரி. பெரியவங்க செஞ்சா ஏதோ விஷயம் இருக்கும்னு நம்பித்தான் பேச்சுல இருந்து ஷூ லேஸ் வரைக்கும் கத்துக்குறோம், ஒவ்வொண்ணுக்கும் காரணம் கேட்டுட்டு உக்காந்தா எதுவுமே ஆகாது. அந்த வண்டிலதான் சகுனமும் டிக்கெட் எடுக்காம ஏறி வந்துடுது.

ஆனா வந்தது எல்லாம் ஒரே மாதிரி ஒட்டிக்காது. பப்புவா நியூ கினி பக்கத்துல இருக்குற ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானுடவியலாளர் கவனிச்சது இது: அலையில்லாத காயல்ல மீன் பிடிக்க மந்திரமே கிடையாது, நடுக்கடலுக்கு போறதுன்னா சடங்கு மேல சடங்கு. எங்க பயமோ அங்கதான் பிடி.

(திரையில்: சிரிக்குற குடும்பம், முழிக்குற ஒருத்தர்)

ஜோக்குக்கு பயம்லாம் வேணாம், ஆனா அதுவும் கைமாற கைமாற தேயும். ஒருத்தர் சொன்ன கதைய அடுத்தவர் திருப்பி சொல்ல சொல்ல சுருங்கிட்டே போறத பார்ட்லெட்னு ஒரு உளவியலாளர் 1932-லயே எழுதியிருக்கார். வீட்ல பாருங்க, "நாய் வந்துச்சா?"ன்னு ஒருத்தர் கேப்பார், மொத்த குடும்பமும் விழுந்து விழுந்து சிரிக்கும், புதுசா வந்த மருமக மட்டும் முழிப்பாங்க. என்ன கதைன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, எதுலயுமே சிரிப்பு வராது. கொஞ்ச வருஷம் போகட்டும், அதே மருமக தன் புள்ளைகிட்ட "நாய் வந்துச்சா?"ன்னு கேட்டு சிரிச்சிட்டு இருப்பாங்க, எந்த நாய்னு அப்பவும் தெரியாது.