எல்லை தாண்டி வந்தவங்க சொன்னதை யார் கேட்டா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு கம்போடியா பத்திப் பேசணும். கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் இயக்கத்தோட ஆட்சி, 1975-லேர்ந்து 79 வரைக்கும். நாலு வருஷம்கூட முழுசா இல்ல, செத்தவங்க ஏறக்குறைய 17 லட்சம் பேர். இத்தனை சாவு வெளியுலகத்துக்குத் தெரியவே தெரியாதா? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடலங்க.

தெரிஞ்சுதான் இருந்துச்சு.

1975 ஏப்ரல் 17, தலைநகர் பினாம் பென் அவங்க கைல விழுந்த அன்னைக்கே ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி நோயாளிங்களைக்கூட விடல. கட்டில்ல படுத்திருந்தவங்களைச் சொந்தக்காரங்க கட்டிலோட தள்ளிக்கிட்டுப் போனாங்க. இதைப் பார்த்த வெளிநாட்டு நிருபர்கள் பிரெஞ்சுத் தூதரகத்துல அடைபட்டுக் கிடந்து, லாரில தாய்லாந்து எல்லைக்கு வந்து சேர்ந்து, மே மாசம் எழுதினாங்க. அத்தோட நாட்டுக் கதவையே சாத்திட்டாங்க.

அதுக்கப்புறம் செய்தின்னா, எல்லை தாண்டி ஓடி வந்த அகதிங்க வாய்ச்சொல்தான். பிரான்சுவா பொன்ஷோன்னு ஒரு பாதிரியார். பத்து வருஷம் கம்போடியாவுலயே இருந்தவர், கெமர் மொழி நல்லாத் தெரியும். அவர் அகதிங்க பேச்சை உக்காந்து கேட்டார். அந்த அரசாங்கத்தோட ரேடியோவையும் கேட்டார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். எனக்கு அவர்மேல இருக்குற மரியாதையே அதனாலதான். 1976 பிப்ரவரில லெ மோந்த் பத்திரிகைல எழுதினார். ஆனா, "ஓடி வந்தவன் கூட்டித்தான் சொல்வான்"னு தள்ளிவிட்டவங்க நிறைய பேர்.

1978 ஆகஸ்ட்ல ஸ்வீடன்லேர்ந்து கெமர் ரூஜ் ஆதரவாளர் குழு ஒண்ணு அங்க போச்சு. அந்த ஆட்சியோட தலைவர் போல் பாட்டே விருந்து வெச்சார். திரும்பி வந்து, அகதிங்க சொல்றது பொய்னு பேசினாங்க. அதுல ஒருத்தர் குன்னார் பெர்க்ஸ்ட்ரோம், 30 வருஷம் கழிச்சு அங்கயே போய் மன்னிப்புக் கேட்டார்.

அதே வருஷம் டிசம்பர்ல எலிசபெத் பெக்கர், ரிச்சர்ட் டட்மன்னு ரெண்டு அமெரிக்க நிருபர்கள். கூட மால்கம் கால்டுவெல், அந்த ஆட்சியை ஆதரிச்ச பேராசிரியர். ரெண்டு வாரம் சுத்திக் காட்டினாங்க, கூடவே ஆள். ஒரு சாதாரண மனுஷன்கிட்ட தனியாப் பேச வழியில்ல. கடைசி ராத்திரி விருந்தினர் மாளிகைக்குள்ளயே துப்பாக்கிச் சூடு. பெக்கர் தப்பிச்சாங்க. கால்டுவெல் செத்துக் கிடந்தார். பகல்லதான் போல் பாட்டைப் பார்த்துப் பேசிட்டு வந்திருந்தார்.

இவங்க தங்கியிருந்த அதே ஊருக்குள்ள துவோல் ஸ்லெங் இருந்துச்சு. பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி வெச்சிருந்தாங்க. 1979 ஜனவரில வியட்நாம் படை உள்ள வந்தப்ப, பிண வாடையை வெச்சுத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சாங்க.