ஆலை ரசீதில் இருக்கிறது நெல்லின் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராய்க்கு ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள், மறுபக்கம் பாரிட் புந்தார் வரை நீளும் வயல்வெளி. நம்மவர்களில் சொந்த நிலத்திலோ குத்தகைக்கோ நெல் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அறுவடை மெசின் ஓட்டுகிறவர், நெல் லோரி ஓட்டுகிறவர், அரிசி மூட்டை விற்கிற மளிகைக்கடைக்காரர் என்று பார்த்தால், இந்தப் பயிரோடு ஒட்டாத வீடு இங்கே குறைவு. நெல் விலையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். விலை என்றதும் எல்லாரும் அரசாங்கம் அறிவிக்கிற எண்ணைத்தான் கேட்பார்கள். நான் ஆலையில் கொடுக்கும் ரசீதிலிருந்து தொடங்குகிறேன்.

நெல் ஏற்றிய லோரி எடைமேடையில் ஏறும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நெல்லின் மொத்த எடை. அதற்குக் கீழே ஈரப்பதம் எவ்வளவு, கழிவு, அதாவது ஈரத்துக்கும் குப்பைக்கும் கழிக்கும் பங்கு, எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கும். கழிவைக் கழித்து வருவது நிகர எடை. காசு கணக்கிடுவது இந்த நிகர எடைக்குத்தான்.

நெல்லின் அடிவிலை, அதாவது அரசாங்கம் அறிவிக்கிற குறைந்தபட்ச விலை, பல ஆண்டுகளாக டன்னுக்கு 1,200 ரிங்கிட்டாகவே கிடந்தது. பிறகு 1,300 ஆனது. 2025 ஏப்ரல் 16 முதல் 1,500. அதோடு அரசாங்கத்தின் விலை மானியம், 360 ரிங்கிட்டாக இருந்தது, 2024இல் 500ஆக உயர்ந்தது. இரண்டும் சேர்ந்து டன்னுக்கு 2,000 ரிங்கிட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஹெக்டரில் 5 டன் அறுத்து, 20 விழுக்காடு கழிவு போட்டால் கையில் நிற்பது 4 டன், அதாவது 8,000 ரிங்கிட். அதே நெல்லுக்கு 16 விழுக்காடு கழிவு என்றால் 8,400. ஒரு விழுக்காடு கழிவுக்கு ஹெக்டருக்கு 100 ரிங்கிட் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவிலையை நீங்கள் மாற்ற முடியாது. கழிவில் ஒரு பங்கு உங்கள் வயலில் முடிவாகிறது.

எந்தப் பங்கு என்பதற்குத் தண்ணீர்க் கணக்குப் போட வேண்டும். ஆலை நெல்லை 14 விழுக்காடு ஈரத்துக்குக் காயவைத்துத்தான் சேமிக்கும், அரைக்கும். 24 விழுக்காடு ஈரத்தில் 1,000 கிலோ கொண்டுபோனால், காய்ந்த பிறகு மிஞ்சுவது சுமார் 884 கிலோ. தண்ணீராகப் போனது 11.6 விழுக்காடு. அதே 1,000 கிலோ 20 விழுக்காடு ஈரத்தில் இருந்தால் 930 கிலோ மிஞ்சும், போவது 7 விழுக்காடுதான். ஆக, ஈரம் 24 என்று எழுதி 20 விழுக்காடு கழித்தால், 11.6 நியாயமான தண்ணீர். பாக்கி 8.4க்குப் பதர், வைக்கோல் துண்டு, மண், களைவிதை என்று ஏதாவது காரணம் இருந்தாக வேண்டும். மாதிரி எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஈரத்தை எழுதாமல் கழிவை மட்டும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மாதிரியை லோரியின் மேல்பரப்பில் மட்டும் குத்தி எடுத்தால் அது மாதிரியே இல்லை. நடுவிலும் அடியிலும், குறைந்தது நான்கைந்து இடத்தில் குத்த வேண்டும். மழை நனைத்தது மேல்நெல்லைத்தான், அடியில் இருப்பது வேறு.

இனி வயலுக்கு வருவோம். கதிரில் 80 முதல் 85 விழுக்காடு மணிகள் பொன்னிறமாகும்போது அறுக்கலாம். ஈரம் 20, 22 அளவில் இருக்கும். அதற்கு முன்னால் அறுத்தால் பச்சை மணியும் ஈரமும் சேர்ந்து கழிவை ஏற்றும். ரொம்பத் தள்ளிப்போட்டால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும், வயலிலும் உதிரும். அறுப்புக்கு 10 முதல் 14 நாளைக்கு முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். சேற்றில் இறங்கிய மெசின் மண்ணையும் சேர்த்து அள்ளும், அடுத்த பருவத்துக்குத் தடம் பள்ளமாகக் கிடக்கும், பள்ளத்தில் நீர் நிற்கும், அங்கே விதை முளைக்காது. பனி காய்ந்த பிறகு, காலை 10 மணிக்கு மேல் மெசினை இறக்கச் சொல்லுங்கள்.

மெசின்காரருக்குக் கூலி பரப்பளவுக்குத்தான். அவசரமாக ஓட்டினால் அவருக்கு லாபம், உங்களுக்கு நட்டம். எவ்வளவு நட்டம் என்று அளக்கச் சுலபமான வழி உண்டு. அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு சட்டம் செய்து, மெசின் போன தடத்தில் தரையில் வைத்து, உள்ளே விழுந்த நல்ல மணிகளை எண்ணுங்கள். சுமார் 100 மணி இருந்தால் ஹெக்டருக்கு 100 கிலோ நெல் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். வைக்கோல் விழும் வரிசையில் மட்டும் வைத்தால் கணக்கு மிகையாக வரும், ஆகவே மெசினின் அகலம் முழுவதும் நாலு இடத்தில் வைத்துச் சராசரி பாருங்கள். 200, 300 வந்தால் ஓட்டுநரை நிறுத்தி வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். மெசினில் பதரை ஊதும் காற்றாடியின் வேகமும் முக்கியம். அதிகமானால் நல்ல நெல்லையும் ஊதித் தள்ளும், குறைந்தால் பதர் பெட்டியில் சேர்ந்து ஆலையில் கழிவாக எழுதப்படும்.

அறுத்த நெல் அன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும். ஈரநெல் லோரியில் ஓர் இரவு கிடந்தால் உள்ளே சூடேறும், மணி மஞ்சளாகும். உச்சப் பருவத்தில் ஆலையின் காயவைக்கும் திறனைவிட அதிக நெல் வந்து குவிகிறது. வாசலில் வரிசை கட்டும் லோரிகளுக்கு அதுதான் காரணம். மெசின் தேதியை மட்டும் முடிவு செய்துவிட்டு ஆலையைக் கேட்காமல் அறுப்பவர், வரிசையில் நின்று தரத்தை இழக்கிறார்.

ஆலைகளையே முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு டன் காய்ந்த சுத்தமான நெல்லை அரைத்தால் சுமார் 640 கிலோ அரிசி கிடைக்கும். 1,500 ரிங்கிட்டை 640ஆல் வகுத்தால், ஒரு கிலோ அரிசியில் நெல்லுக்கான செலவு மட்டுமே 2 ரிங்கிட் 34 சென். தீபகற்பத்தில் உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்சவிலை 10 கிலோ 26 ரிங்கிட், கிலோவுக்கு 2.60. இந்த 26 சென்னுக்குள் காயவைத்தல், அரைத்தல், பை, லோரி வாடகை, மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாரும் அடங்க வேண்டும். தவிடும் நொய்யும் விற்றுக் கொஞ்சம் ஈடுகட்டலாம், அவ்வளவுதான். இந்த உச்சவிலை 2008இலிருந்து அசையவில்லை. அடியை உயர்த்தி உச்சியை அப்படியே வைத்தால் நடுவில் இருப்பவர் எங்கே போவார்? கழிவு விழுக்காட்டில்தான் கைவைப்பார். அடிவிலை உயர்ந்த பருவத்தில் ரசீதில் கழிவும் உயர்ந்தால், உயர்வில் எவ்வளவு உங்களுக்கு வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உச்சவிலை இறக்குமதி அரிசிக்குக் கிடையாது. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. செப்டம்பர் 1ஆம் தேதி, அரிசி இறக்குமதி உரிமை பெற்ற பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350இலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏற்றியது. கடையில் இரண்டு அரிசிக்கும் இடைவெளி பெரிதானதும் 26 ரிங்கிட் அரிசி அலமாரியிலிருந்து காணாமல் போனது. புழுங்கலரிசிக்கும் அந்த ஆகஸ்டில் இந்தியா 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது, அதன் சூட்டை இட்லி அரிசி வாங்கியவர்கள் நன்றாகவே உணர்ந்தார்கள். இட்லிக்கு உள்ளூர் அரிசி சரிப்படாது என்று நம் பெண்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, நம் சந்தையில் அதிகம் கிடைப்பது நீண்ட மணிப் பச்சரிசிதான். அந்த வகையில் தமிழர் சமையலறை உள்ளூர் விவசாயியைவிட இந்தியாவின் அறிவிப்பையே அதிகம் எதிர்பார்த்திருக்கிறது.

அந்தத் தடையை 2024 செப்டம்பர் இறுதியில் இந்தியா நீக்கியது. அதற்குப் பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2024 தொடக்கத்தில் டன் 600 டாலரைத் தாண்டிய தாய்லாந்து, வியட்நாம் அரிசி, 2025இல் 400 டாலருக்குக் கீழே வந்தது. இந்தோனேசியா அந்த ஆண்டு வாங்குவதை நிறுத்தியது, பிலிப்பைன்ஸ் செப்டம்பரிலிருந்து இறக்குமதியை நிறுத்திவைத்தது. வாங்குகிறவர் விலகியதும் விற்கிறவர் விலையை இறக்கினார். இங்கும் இறக்குமதி அரிசி படிப்படியாக இறங்கியது. வெளி அரிசி உள்ளூர் அரிசியை நெருங்கும்போது வாடிக்கையாளர் வெளி அரிசிக்குத் தாவுகிறார், ஆலையின் கிடங்கில் உள்ளூர் அரிசி தேங்குகிறது, ஆலை அடுத்த நெல்லை வாங்கத் தயங்குகிறது. 2024இல் பற்றாக்குறைக் காலத்தில் அடிவிலைக்கு மேலே நல்ல காசு கொடுத்த ஆலைகள், ஆண்டு முடிவில் அடிவிலைக்கே இறங்கியது இப்படித்தான். 2025 ஜனவரியில் விவசாயிகள் புத்ராஜெயாவுக்குப் போய் 1,800 ரிங்கிட் அடிவிலை கேட்டதும் இதனால்தான்.

ஆகவே என் கணிப்பு இது. வரும் பருவங்களுக்கு 1,500ம் 500ம் மட்டுமே வரும் என்று வைத்துச் செலவைப் போடுங்கள். அதற்கு மேல் வந்தால் அது அதிர்ஷ்டம். இறக்குமதி உரிமை பெர்னாஸ் ஒன்றிடமே 2031 தொடக்கம் வரை இருப்பதால் சந்தையின் அமைப்பு சட்டென்று மாறாது. நாட்டின் தேவையில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் நாம் விளைவிக்கிறோம், சராசரி மகசூல் ஹெக்டருக்கு 4 டன்னுக்கும் குறைவு. பெரிய லாபமும் பெரிய நட்டமும் விலையைவிட மகசூலில்தான் தீர்மானமாகிறது.

மகசூலைத் தின்பதில் முதலாவது, பாடி ஆங்கின் என்ற களைநெல். பயிர்நெல்லைப் போலவே இருக்கும், கொஞ்சம் உயரமாக வளரும், அறுப்புக்கு முன்பே உதிர்ந்து மண்ணில் விதைவங்கி போடும். உள்ளே மணி சிவப்பு. இதற்காகவே 2010இல் களைக்கொல்லியைத் தாங்கும் எம்ஆர் 220 சிஎல் ரகங்கள் வந்தன. முதலில் அற்புதமாக வேலை செய்தன. அதையே பருவம் தவறாமல் போட்ட வயல்களில், தாங்கும் தன்மை களைநெல்லுக்கும் தொற்றிக்கொண்டது. தொடர்ந்து இரண்டு பருவத்துக்கு மேல் அதைப் போடாதீர்கள். உழுதபின் வயலை ஈரமாக மட்டும் வைத்து, 10, 14 நாள் களைநெல்லை முளைக்கவிட்டு, அதை அழித்த பிறகு விதையுங்கள். பக்கத்து வயலில் அறுத்த மெசின் உங்கள் வயலில் இறங்கும் முன் பெட்டியையும் சங்கிலியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். களைநெல் வயல்விட்டு வயல் போவது பெரும்பாலும் மெசினில்தான்.

அடுத்தது கதிர்க் கருகல். பாக்டீரியாவால் வருவது, விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரும், வெப்பமான இரவுகளில் பெருகும். நல்ல கதிர் மணியின் பாரத்தால் தலைகுனியும். இந்த நோய் பட்ட கதிர் நிமிர்ந்தே நிற்கும், தொட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அந்த நிலையில் மருந்தடிப்பது காசைத் தண்ணீரில் கொட்டுவது. சான்றிதழ் விதையும், யூரியாவைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

யூரியா என்றதும் மானிய உரத்தைச் சொல்ல வேண்டும். ஹெக்டருக்கு 240 கிலோ கலப்பு உரமும் 80 கிலோ யூரியாவும் கூட்டரசு திட்டத்தில் கிடைக்கிறது. பிரச்சினை அளவில் இல்லை, தேதியில். விதைத்த 15ஆம் நாள் போட வேண்டிய கலப்பு உரம் 25ஆம் நாள் கைக்கு வந்தால், தூர் கட்டும் பருவம் பாதி போய்விட்டது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டுகிறவர்கள்தான் பயிர் சாய்ந்தும், இலைக்கருகல் பிடித்தும், கதிர் பதராகியும் நிற்கிறார்கள். உரம் தாமதமானால் முதல் தவணைக்கு மட்டும் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுவிட்டு, மானிய உரத்தை அடுத்த தவணைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதிர் வெளிவந்த பிறகு யூரியா வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, நம் வட்டாரம் 1906இல் கட்டிய புக்கிட் மேரா ஏரியை நம்பியே இருக்கிறது. அதே ஏரிதான் வீட்டுக் குழாய்க்கும். மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கினால் குடிநீருக்குத்தான் முன்னுரிமை, அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் இன்றைக்கும் இன்னொருவர் ஒரு மாதம் கழித்தும் விதைத்தால், எலிக்கும் புகையான் பூச்சிக்கும் ஆறு மாதமும் சாப்பாடு தொடர்ந்து கிடைக்கும். கால்வாய் அட்டவணைப்படி அக்கம்பக்கத்தார் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடிப்பது எந்த மருந்தைவிடவும் மலிவு.

டீசல் தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் தேதி 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டானதும், உழவுக்கும் அறுப்புக்கும் லோரிக்கும் கூலி கேட்பவர்கள் அதைச் சொல்லியே ஏற்றினார்கள். குத்தகைக்கு எடுத்தவருக்கு இன்னொரு சிக்கல். மானியம் உயர்ந்ததும் குத்தகையும் உயர்கிறது. உரம் யார் பெயரில் வருகிறது, விலை மானியம் யார் கணக்கில் விழுகிறது, குத்தகை எத்தனை பருவத்துக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, விவசாயிகள் கழகத்தில் பயிரிடுபவராக உங்கள் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் நிலத்தில் டிராக்டரை இறக்குங்கள். வாய்ப்பேச்சில் எடுத்த நிலத்துக்கு ஆலை ரசீது வேறொருவர் பெயரில் வந்துவிட்டால், அந்த டன்னுக்கு 500 ரிங்கிட்டைப் பிறகு யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

நன்றி, வணக்கம்.