வெங்காயத்தாள் அளவுக்கு மேல் விளைந்துவிட்டதா? ஓர் இலைகூட வீணாகாமல் எடுத்து வைக்கலாம்

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓரமாக வரிசையாக இருக்கிற குரோ பேக் எல்லாமே வெங்காயத்தாள்தான். விழுப்புரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் முளைவிட்ட சின்ன வெங்காயத்தை ஊன்றினால் மார்கழிக் குளிருக்கு மளமளவென்று வந்துவிடும். ஒரு வெங்காயம் ஊன்றினால் அது பக்கத்தில் நாலைந்தாகப் பிரிந்து கொத்தாக நிற்கும், அதனால் தை முடியும்போது வீட்டுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு கையில் இருக்கும். அக்கம்பக்கத்தில் கொடுத்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து, இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் வேரோடு பிடுங்காதீர்கள். அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரிக்கோலால் நறுக்கினால் திரும்பத் துளிர்த்து வரும், இரண்டு மூன்று முறை தாராளமாக எடுக்கலாம். செடியிலேயே இருக்கும்வரை அது வாடாது, அழுகாது. ஆனால் நடுவில் பூத்தண்டு தெரிய ஆரம்பித்தால் தாமதிக்கக் கூடாது, இலை நார் ஓடி முற்றிப் போகும். இதோ பாருங்கள், இந்தப் பையில் மொட்டு வந்துவிட்டது. இதையெல்லாம் இன்றைக்கே எடுத்துவிடப் போகிறேன். பூத்தண்டையும் தூக்கிப் போட வேண்டாம், இளசாக இருந்தால் பொடியாக நறுக்கி முட்டைப் பொடிமாஸில் போடலாம், நல்ல ருசி.

சரி, பறித்தாயிற்று. இப்போது நான் சொல்வதுதான் இந்த வீடியோவிலேயே முக்கியம். வெங்காயத்தாளைக் கெடுப்பது ஈரம். கீரையைவிட இதில் ஈரம் மோசமாக வேலை செய்யும், ஏனென்றால் இலை உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கிறது. கழுவும்போது அதற்குள் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே துடைத்தாலும் உள்ளே இருப்பது போகாது, இரண்டு நாளில் வழவழவென்று ஆகி நாற்றம் வந்துவிடும். அதனால் உடனே சமைக்கப் போவதை மட்டும் கழுவுங்கள். மற்றதை மண்ணை உதறிவிட்டு, பழுத்த இலையைக் கிள்ளிவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். வேரோடு இருப்பதை ஒரு டம்ளரில் வேர் மட்டும் நனையும் அளவு தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைக்கலாம், தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஃப்ரீசரில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் கழுவித்தான் ஆக வேண்டும். கழுவி, இலையைத் தலைகீழாகப் பிடித்து உதறி, நறுக்கிய பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் விடுங்கள். வெள்ளைத் தண்டு தனி, பச்சை இலை தனி. தண்டு வதங்க நேரம் எடுக்கும், இலை ஒரு நிமிடத்தில் வதங்கிவிடும், சேர்த்து வைத்தால் சமைக்கும்போது இரண்டில் ஒன்று கெடும். வெந்நீரில் போட்டு எடுக்கிற வேலையெல்லாம் இதற்குத் தேவையில்லை. ஈரம் போனதும் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லு மாதிரி ஆனதும் கவரில் கொட்டிக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். இப்படிச் செய்தால் கட்டியாக ஒட்டாது, ஒரு கைப்பிடி வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி மட்டும் எடுக்கலாம். கவருக்கு மேல் இன்னொரு டப்பாவும் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஐஸ்கிரீமில்கூட வெங்காய வாசனை அடிக்கும். ஆனால் இது வதக்கிச் சமைக்க மட்டும்தான். உறையும்போது இலைக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸாகி அதன் செல்களைக் கிழித்துவிடும், வெளியே எடுத்ததும் துவண்டுவிடும், அதனால் சாலட்டுக்கோ ஃப்ரைட் ரைஸ் மேலே தூவவோ சரிவராது. எடுத்ததும் நேராக வாணலியில் போடுங்கள், உருக விடாதீர்கள்.

பொரியல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். பாசிப்பருப்பை ஊறவைத்து முக்கால் வேக்காடு வேகவைத்து, தண்டை வதக்கி, பருப்பைப் போட்டு, கடைசியில் இலை. தண்ணீர் தெளிக்க வேண்டாம், இலையே விடும். ஒரு பெரிய கட்டு சுருங்கிச் சின்னக் கிண்ணம் ஆகிவிடும், அதனால் நிறைய காலி செய்ய இதுவே நல்ல வழி. அடை மாவில் போடுங்கள், பருப்பு வடையில் போடுங்கள். துவையல் அரைப்பவர்கள் தேங்காயை விட்டுவிட்டுப் புளி, உளுந்து, காய்ந்த மிளகாய் மட்டும் வைத்து நல்லெண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி அரைத்தால் ஃப்ரிட்ஜில் கூடுதலாகச் சில நாள் இருக்கும்.

இலையைக் காயவைத்துப் பொடியும் செய்யலாம். நேர் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், நிழலில் காற்றோட்டமாகப் போட்டால் பச்சை நிறம் ஓரளவு நிற்கும். கையில் நொறுக்கினால் சத்தத்தோடு உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை, அப்படியே பாட்டிலில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வறுத்த உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், உப்போடு சேர்த்துப் பொடித்தால் இட்லிக்கு அருமையாக இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், வடகம். வேரோடு எடுத்த செடியின் அடியில் சின்னச் சின்ன வெங்காயம் திரண்டிருக்கும், அதையும் வெள்ளைத் தண்டையும் இதற்கு வையுங்கள். எங்கள் பக்கம் மீன் குழம்புக்கும் கீரைக் கடைசலுக்கும் வடகத்தில்தான் தாளிப்போம், மாசி, பங்குனி வெயில் வந்தாலே தெருவில் முறம் முறமாகக் காயும். இதே வடகம்தான் புதுச்சேரி வழியாகப் பிரான்ஸ் வரை போய், அங்கே வடுவான் என்ற பெயரில் மசாலாவாக விற்கிறது.

நான் போடும் அளவு இதுதான்: வெங்காயமும் தண்டும் சேர்த்து 1 கிலோ, பூண்டு 200 கிராம், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம், கடுகு 100 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 50 கிராம், கல்லுப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், கைநிறைய கறிவேப்பிலை. தாளில் நீர் அதிகம் என்பதால் பாதிக்கு மேல் உண்மையான சின்ன வெங்காயமாக இருக்கட்டும். உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள், மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், விழுதாகிவிடக் கூடாது. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்தால் காலையில் சாறு விட்டிருக்கும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், வாசனை அதில்தான் இருக்கிறது. கலவையை உருண்டையாகப் பிடித்து வெயிலில் வைத்து, சாயங்காலம் உதிர்த்து அந்தச் சாற்றிலேயே போட்டுப் பிசைந்து, மறுநாள் திரும்ப உருட்டிக் காயவைக்க வேண்டும். சாறு முழுக்க இழுத்த பிறகு விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்டுங்கள். நல்ல வெயில் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் உள்வரை காய்ந்துவிடும். ஜாடியில் போட்டு வைத்தால் அடுத்த வருட வடகம் வரும்வரை இருக்கும். வேலை அதிகம்தான், ஆனாலும் செய்யுங்கள். கடையில் வாங்கும் வடகத்தில் இந்த வாசனை எனக்குக் கிடைத்ததே இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து முழுக்கக் கேளுங்கள். வெங்காயத்தாளை எண்ணெயில் பொரித்துப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. நூடுல்ஸுக்கு அந்த எண்ணெய் அவ்வளவு ருசி, நானும் செய்வேன். ஆனால் வெளியே வைக்கக் கூடாது. எண்ணெய்க்குள் காற்று புகாது, வெங்காயத்தில் புளிப்பும் கிடையாது, கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தால் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி வளர அது போதும். அந்தக் கிருமி விடும் நஞ்சு நரம்பைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. எண்ணெய் கெட்டிருப்பது வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலே போகலாம். அதனால் கொஞ்சமாகச் செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

வடகத்துக்கு உங்கள் ஊரில் வேறு என்ன சேர்ப்பார்கள், விளக்கெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றுபவர்கள் இருக்கிறீர்களா, கீழே எழுதுங்கள். வெயில் ஏறுகிறது, நான் போய் இந்தப் பூ வந்த பையை முதலில் காலி செய்கிறேன்.