ஓஎல்லில் (சாதாரண தரப் பரீட்சையில்) கணக்கு தவறிய மகன்: தொழிற்பயிற்சிக்கு விட்டால் படிப்பு அதோடு முடிந்துவிடுமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் இதையே வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார், வாசிக்கிறேன்: "மகன் ஓஎல்லில் கணக்கு சித்தியடையவில்லை. கராஜ் வேலையில்தான் விருப்பம். தொழிற்பயிற்சிக்கு விட்டால் அவனுடைய படிப்பு அதோடு முடிந்துவிடுமா? தங்குவதற்கு இடம், பஸ் செலவுக்கு உதவி ஏதும் கிடைக்குமா? தகப்பன் இல்லை, நான் கூலி வேலைக்குப் போகிறேன்."

அக்கா, முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். முடியாது. படிப்பு அதோடு முடிந்துவிடாது. ஆனால் எந்த இடத்தில், எந்த மட்டத்தில் சேர்க்கிறீர்கள் என்பதைப் பார்க்காமல் சேர்த்தால் அவன் ஒரு இடத்தில் நின்றுவிடக்கூடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் என்விகியூ என்று ஒரு முறை இருக்கிறது, தேசிய தொழில் தகைமை. மொத்தம் ஏழு மட்டம். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு என்றால் பட்டத்துக்குச் சமம். உங்கள் மகன் மோட்டார் மெக்கானிக் படிப்பில் நான்காம் மட்டம் எடுத்துவிட்டான் என்றால் அந்த நான்கை வைத்துக்கொண்டு ஐந்துக்குப் போக விண்ணப்பிக்கலாம், ஏஎல் (உயர்தரம்) இல்லாமலே. அதற்குப் பிறகு ஆறு, அதற்கும் மேலே இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008இல் சட்டம் போட்டு இந்தப் பாதையால் வருகிற பிள்ளைகளுக்காகவே தொடங்கியது. கணக்குத் தவறிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு பூட்டியது என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மையில்லை. இது சுற்றுப்பாதைதான், கூடுதல் வருடம் எடுக்கும், ஆனால் பாதை இருக்கிறது. இடையில் ஓஎல் கணக்கைத் திரும்ப எழுதுவதையும் விட வேண்டாம், பயிற்சிக்குப் போய்க்கொண்டே எழுதலாம், அது பிறகு பல இடத்தில் உதவும்.

சரி, எங்கே சேர்ப்பது? உங்களுக்குக் கிட்டத்தில் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையம் ஏதும் இருந்தால் மூன்றாம், நான்காம் மட்டத்துக்கு அது போதும். வவுனியாப் பக்கம் உள்ளவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, எல்லோரும் ரெக்னிக்கல் கொலிஜ் என்று சொல்வது. அப்புறம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம். முறிகண்டி தாண்டிப் போகும்போது ஏ9 வீதியில் போர்டு தெரியும். 2016இல் ஜேர்மன் அரசின் உதவியோடு திறந்தது, வாகனத் தொழில்நுட்பம் அங்கே முக்கியமான பிரிவு, பட்டறையும் கருவிகளும் நல்ல தரம். நாட்டின் மற்றப் பகுதிகளில் இருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள், அதனால் ஆங்கிலம் பழகத்தான் வேண்டும். அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். மேல் மட்டங்களில் எங்கே போனாலும் ஆங்கிலம் வரும், முதலிலேயே பழகிவிட்டால் நல்லது.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், இது தனியார் நிலையங்களுக்குச் சொல்வது. நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அங்கே நடக்கிற குறிப்பிட்ட பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருப்பது வேறு. சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள், நாங்களும் அதைப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டிவிடுவோம், கடைசியில் பிள்ளையின் கையில் கிடைப்பது அந்த நிலையம் தானே அச்சடித்த ஒரு தாள். "இந்தக் கோர்ஸ் முடிந்தால் என்விகியூ கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?" என்று வாய் திறந்து கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம், பிள்ளையிடம் சொன்னால் போனிலேயே பார்த்துத் தருவான்.

இனி உதவி. அரச நிலையங்களில் முழுநேரப் படிப்புகள் பெரும்பாலும் இலவசம்தான். ஆனால் அக்கா, எங்கள் பிள்ளைகள் இடையில் நிற்பது கட்டணத்தால் இல்லை. பஸ், சாப்பாடு, சப்பாத்து, ஓவரோல் என்று சின்னச் சின்னதாக வருகிற செலவுதான் நிறுத்துகிறது. மல்லாவியில் இருந்து மாங்குளம் வந்து, அங்கே ஏ9 பஸ்ஸுக்குக் காத்து நின்று, நேரத்துக்கு வகுப்புக்குப் போய், பின்னேரம் அதே வழியில் திரும்ப வேண்டும், கடைசி பஸ் தவறினால் யாரையாவது மோட்டார் சைக்கிளில் வரச்சொல்ல வேண்டும். இதை ஒரு பிள்ளை மாதக்கணக்கில் செய்வது லேசான வேலை இல்லை. அதனால் சேர்க்கப் போகிற நாளிலேயே இந்த விஷயங்களைக் கேளுங்கள்: விடுதி இருக்கிறதா, அதற்கு என்ன கட்ட வேண்டும், இலங்கை போக்குவரத்துச் சபையின் சீசன் ரிக்கெற்றுக்குக் கடிதம் தருவார்களா, பயிற்சிக்காலத்துக்கு உதவித்தொகை ஏதும் இருக்கிறதா, அதை எடுக்க வகுப்பு வரவு எவ்வளவு தேவை. உதவித்தொகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் நான் இங்கே ஒரு தொகையைச் சொல்லி உங்களை நம்ப வைக்க விரும்பவில்லை. நிலையத்தில் கேட்பதோடு பிரதேச செயலகத்துக்கும் ஒருக்கால் போங்கள். அங்கே திறன் அபிவிருத்தி உத்தியோகத்தர், மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று இருப்பார்கள். எந்த நிலையத்தில் எப்போது ஆட்சேர்ப்பு, எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி என்று பார்த்துச் சொல்வது அவர்களுடைய வேலைதான். தகப்பன் இல்லாத குடும்பம் என்பதைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். கிராம சேவையாளரின் கடிதத்தையும் முதலே எடுத்து வைத்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காலபோக அறுவடை வந்தால் பிள்ளைகள் வகுப்புக்குப் போகமாட்டார்கள். நாளுக்குக் கூலி கிடைக்கும், வீட்டிலும் காசு தேவை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வரவு குறைந்தால் இறுதி மதிப்பீட்டுக்கு விடமாட்டார்கள், பெரும்பாலான இடங்களில் 80 வீதம் கேட்பார்கள். இப்படி இரண்டு கிழமை நின்ற பிள்ளை, திரும்பிப் போனால் ஏசுவார்கள் என்று பயந்து, போகாமலே விட்டுவிடுகிறான். எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் இதுதான், ஏனென்றால் இது தவிர்க்கக்கூடியது. நிற்க வேண்டி வந்தால் நிற்கிறதுக்கு முதல் போதனாசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்களே போன் எடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது. தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தர் உள்ள இடங்களில் அவரோடும் பேசலாம், மனதில் கஷ்டம் உள்ள பிள்ளைக்குப் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். போரில் படிப்புக் குழம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள், இந்த உதவிகளைக் கேட்டு எடுப்பதில் ஒரு குறைவும் இல்லை.

மதிப்பீடு என்றதும் பிள்ளை திரும்பவும் ஓஎல் மாதிரி நினைத்துப் பயப்படுவான். இது அப்படி இல்லை. வேலையைச் செய்து காட்ட வேண்டும், வெளியில் இருந்து வருகிற மதிப்பீட்டாளர் பார்ப்பார், தேர்ச்சி அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை என்றுதான் முடிவு. ஒரு அலகு சரிவரவில்லை என்றால் செய்து முடித்த மற்றவை அழிந்துபோவதில்லை, விட்டதைத் திரும்பச் செய்யலாம். பிரேக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது நிச்சயம் தோதான முறை. வகுப்பு முடிந்த பிறகு ஓஜேடி என்று ஒரு காலம் கராஜிலோ கொம்பனியிலோ வேலை பழக விடுவார்கள். அங்கேதான் பிள்ளைக்கு வேலை கிடைக்கிற வாய்ப்பு அதிகம். அதனால் தெரிந்தவருடைய கடை, வீட்டுக்குக் கிட்ட என்று பார்த்துத் தெரிவு செய்யாமல், புது வாகனங்கள் வருகிற இடம், கணினி போட்டுப் பழுது பார்க்கிற இடம் கிடைத்தால் வவுனியா என்றாலும் யாழ்ப்பாணம் என்றாலும் அனுப்புங்கள்.

பெண்பிள்ளைகளின் அம்மாமார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒரு சொல். தையலும் கேக் அலங்காரமும் மட்டும்தான் மகளுக்கு என்று முடிவெடுக்காதீர்கள். மின்னியல், தகவல் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் அவர்களைச் சேர்க்கிறார்கள். விடுதியை நேரில் போய்ப் பாருங்கள், பொறுப்பாளரோடு கதையுங்கள், அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

அக்கா தன்னுடைய தம்பியைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார், மேசன் வேலையாம், சான்றிதழ் இல்லையாம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கல் வைத்துப் பழகியே நல்ல மேசனானவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் திரும்ப வகுப்பில் குந்தத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கிற முறை ஒன்று இருக்கிறது, நைற்றா என்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விண்ணப்பிக்கலாம். கட்டிய வீடுகளின் படம், வேலை கொடுத்தவர்களின் கடிதம், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், செய்து காட்டினால் அவருக்கும் என்விகியூ கிடைக்கும். மகனுடைய விண்ணப்பத்துக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்றே தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு அலுவலும் முடியும்.