மோதலுக்கு முன்: ஜூனியர் ரோலர் டெர்பியில் பிள்ளைகளைப் பழக்குவது

(திரையில்: மண்டபத் தரையில் சோக்கால் கீறிய நீள்வட்டப் பாதை, மேலிருந்து)

வணக்கம். இந்த வீடியோ ரோலர் டெர்பி விளையாடப் போகும் பிள்ளைகளைப் பழக்குகிறவர்களுக்கானது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ ஒரு மண்டபத்தை ஞாயிறு பின்னேரம் கேட்டு வாங்கி, ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கேட் கட்டிவிட நினைக்கிற அக்காமார், அண்ணாமார், விளையாட்டு மிஸ்மார், பெற்றோர் எல்லோரும் பார்க்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த விளையாட்டில் உடம்போடு உடம்பு மோதும். அந்த மோதல் எப்போது தொடங்குவது, எவ்வளவு போவது என்பதைப் பிள்ளையின் திறனும் பிள்ளையின் வாயும் சொல்ல வேண்டும். வயதை வைத்தோ, அடுத்த மாதம் வரப்போகிற மெட்சை வைத்தோ முடிவெடுக்கக் கூடாது. பயிற்றுநரின் மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

(திரையில்: நட்சத்திர உறை, கோடு போட்ட உறை)

பந்து கிடையாது. ஒவ்வொரு அணியிலும் 5 பேர் பாதையில் நிற்பார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்ட உறை மாட்டியவர் ஜாமர். மற்ற நாலு பேரும் ப்ளொக்கர்கள். அந்த நாலு பேரில் கோடு போட்ட உறை மாட்டியவர் பிவட். தேவை வந்தால் ஜாமரின் நட்சத்திரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு அவரே ஜாமர் ஆகலாம். ஜாமர் முதல் தடவை கூட்டத்தைக் கிழித்து வெளியே வர வேண்டும். பிறகு சுற்றி வந்து, தாண்டுகிற ஒவ்வொரு எதிரணி ப்ளொக்கருக்கும் ஒரு புள்ளி. முழு ஆட்டம் 30 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. அதற்குள் ஜாம் என்கிற சின்னச் சின்னச் சுற்றுகள், ஒவ்வொன்றும் கூடினால் 2 நிமிடம். ஒரு ஜாமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 30 செக்கன்.

தோள், நெஞ்சு, இடுப்பு, மேல்தொடை இவற்றால் மறிக்கலாம், தள்ளலாம். முழங்கை, முன்கை, தலை இவற்றால் கூடாது. எதிராளியின் தலையிலும் முதுகிலும் நடுத்தொடைக்குக் கீழேயும் அடி விழக் கூடாது. விதியை மீறினால் 30 செக்கன் பெனால்ட்டி பொக்ஸில், அதாவது பாதைக்கு வெளியே ஆசனத்தில், இருக்க வேண்டும். ஏழாவது பெனால்ட்டியோடு அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

1935இல் சிக்காகோவில் லியோ செல்ட்சர் என்பவர் நீண்டதூர ஸ்கேட்டிங் போட்டியாகத் தொடங்கியது இது. இன்று நாம் காணும் வடிவம் 2001 அளவில் டெக்சாஸின் ஒஸ்டினில் பெண்கள் தாங்களே கூடி உயிர்ப்பித்தது. பிள்ளைகளுக்கென்று ஜூனியர் ரோலர் டெர்பி அசோசியேஷன் இருக்கிறது. 7 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு அது விதி வகுக்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

(திரையில்: மேசையில் பரப்பிய பாதுகாப்பு உபகரணங்கள்)

தலைக்கவசம், பற்காப்பு, முழங்கைப் பட்டி, மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் பட்டி. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை சக்கரத்தில் ஏறக் கூடாது. மாட்டும்போது தலைக்கவசம் முதல், கழற்றும்போது கடைசி. ஸ்கேட்டைக் கட்டக் குனிகிற நேரத்தில்தான் பிள்ளைகள் சறுக்கிப் பின்னால் சாய்வார்கள், அதற்காகத்தான் இந்த ஒழுங்கு. காசு இறுக்கமென்றால் ஸ்கேட் பழையதாக இருக்கட்டும், தலைக்கவசத்தையும் முழங்கால் பட்டியையும் நல்லதாக வாங்குங்கள். பலத்த அடி வாங்கிய தலைக்கவசம் வெளியே வடிவாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். அதை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

கொழும்பின் ஈரக் காற்றில் பட்டிகள் இலேசில் காயாது. பையை மூடி மூலையில் போட்டால் அடுத்த வாரம் மணமும் தோல் அரிப்பும்தான் மிச்சம். வீட்டுக்குப் போனதும் விரித்துக் காற்றில் போடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் பட்ட சக்கரத்தை உடனே துடைக்காவிட்டால் பெயரிங் துருப்பிடித்துவிடும். சக்கரத்தின் கடினத்தன்மைக்கும் கவனம் வேண்டும், எண் கூடக் கூடக் கடினம்: சொரசொரப்பான சீமெந்துத் தரைக்கு 78ஏ முதல் 85ஏ வரையான மென்மையான சக்கரம், வழுவழுப்பான உள்ளக மண்டபத்துக்கு அதைவிடக் கடினமானது. முழு அளவுப் பாதையும் அதைச் சுற்றிப் பத்தடிப் பாதுகாப்பு இடமும் ஒரு வலைப்பந்தாட்டக் கோர்ட்டுக்குள் அடங்காது. பரவாயில்லை, பழகுவதற்குச் சின்னதாகக் கீறுங்கள். சுவருக்கும் தூணுக்கும் நடுவே நெருக்கி மட்டும் கீற வேண்டாம்.

(திரையில்: ஒரு பிள்ளை முழங்காலில் இறங்கி எழுவது, மெதுவாக)

இனி விழுவது. இதில் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் அதிகமான பயிற்றுநர்கள் அவசரப்படுகிற இடம் இது.

முதல் நாள் ஸ்கேட்டே வேண்டாம். சப்பாத்தோடு, பட்டிகள் கட்டி, பாயில் தொடங்குங்கள். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, ஒரு முழங்காலைப் பட்டியின் பிளாஸ்டிக் முகப்பு தரையில் படும்படி வைத்து, கை ஊன்றாமல் எழும்ப வேண்டும். இரண்டு பக்கமும் பழகியபிறகு ஸ்கேட்டோடு நின்ற இடத்தில். பிறகு ஆறுதலாக உருண்டபடி. விழும்போது விரல்கள் பொத்திய கைக்குள் இருக்க வேண்டும். விரித்த விரலின் மேல் பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறிவிடும். கைகால் பரப்பாமல் சுருங்கி விழ வேண்டும். பின்னால் விழுகிறோம் என்று தெரிந்தால் நாடியை நெஞ்சோடு சேர்த்து, ஒரு பக்கப் பிருஷ்டத்தில் இறங்க வேண்டும். முள்ளந்தண்டின் நுனியில் நேராக இறங்கக் கூடாது. நீட்டிய கையில் விழுந்தால் மணிக்கட்டு முறியலாம். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தகடு, அதாவது எலும்பு வளர்கிற மென்மையான பகுதி, இருப்பதால் அங்கே படுகிற காயத்தை "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தேய்த்து விடக் கூடாது. வீக்கமும் வலியும் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இதில் பெரியவர்களின் பங்கு ஒன்று இருக்கிறது. பிள்ளை விழுந்ததும் சுவரோரம் இருக்கிற அம்மாமார் "ஐயோ!" என்று எழும்புவார்கள். பிள்ளை முதலில் தன் முழங்காலைப் பார்க்காது, அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அந்த முகம் வெளிறியிருந்தால் அழுகை வரும். அம்மாவைக் குறை சொல்வதில் பிரயோசனமில்லை. பயிற்சி தொடங்குமுன் பெற்றோரை ஒருக்கால் பாதைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளைகள் வேண்டுமென்றே விழுந்து எழுவதைக் காட்டுங்கள். முழங்கால் பட்டி தரையில் அடிக்கிற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும், பிள்ளைக்கு எவ்வளவு குறைவாக நோகும் என்று அவர்களுக்குத் தெரிய வரும். உண்மையில் காயம் பட்டால் டெர்பியில் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் இருக்கிற எல்லோரும் அந்த இடத்திலேயே ஒரு முழங்காலில் இறங்கி அமைதியாக இருப்பார்கள். பிள்ளைகளுக்கு இதை முதல் வாரத்திலேயே பழக்குங்கள். கூட்டம் கூடி நசுக்காமல், பயிற்றுநர் ஒருவர் மட்டும் கிட்டப் போய்க் கேட்க இடம் கிடைக்கும்.

(திரையில்: மூன்று படிகள்)

மோதலுக்கு ஜூனியர் அசோசியேஷன் மூன்று படி வைத்திருக்கிறது. முதல் படியில் தொடுகையே இல்லை, குறுக்கே இடம் பிடித்து மறிப்பது மட்டும். இரண்டாவதில் சாய்ந்து தள்ளலாம், வேகமெடுத்து வந்து இடிக்க முடியாது. மூன்றாவதில்தான் முழு மோதல். மெட்ச் எதுவும் இல்லாத சின்னக் குழுவும் இதே வரிசையில் போவது நல்லது. முதல் படியிலேயே வருடக்கணக்காக இருக்க விரும்பும் பிள்ளை இருக்கட்டும். 15 வயதுப் பெரிய பிள்ளையாகவும் இருக்கலாம், அதனால் என்ன?

நம்மூரில் இன்னொன்றும் உண்டு. இங்கே வருகிற பெண் பிள்ளைகளில் பலர் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்கள். 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றதையும், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் உயரத்தில் நின்று பந்து போட்டதையும் பார்த்து வளர்ந்தவர்கள். கால் வேலை, திரும்புதல், இடைவெளி பார்த்தல் எல்லாம் கைவசம் இருக்கும். ஆனால் பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும், பட்டால் தவறு என்று அந்த விளையாட்டு அவர்களின் உடம்பில் எழுதிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "பயப்படாதே, இடி!" என்று கத்துவதால் ஒன்றும் நடக்காது. அது பயமே இல்லை, நல்ல பழக்கம். இருவரை நின்ற இடத்தில் தோளோடு தோள் சாயவிட்டு, ஒருவர் பாரத்தை மெதுவாகக் கூட்ட, மற்றவர் "போதும்" என்றதும் நிறுத்தச் செய்யுங்கள். "போதும்" என்ற சொல்லுக்கு உடனே மதிப்புக் கிடைப்பதைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கேட்கும். நிறுத்தாத பிள்ளை எவ்வளவு திறமையாக ஸ்கேட் பண்ணினாலும் அன்றைக்கு மோதல் பயிற்சி இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சோடி சேர்க்கும்போது வயதைவிட எடையையும் திறனையும் பாருங்கள். எடையைப் பார்ப்பது உங்கள் கண்ணோடு நிற்கட்டும், வாயில் வர வேண்டாம். "குண்டு", "ஒல்லிக்குச்சி" எல்லாம் வீட்டிலும் வகுப்பிலும் கேட்டுக் களைத்த பிள்ளைகள் இவர்கள். டெர்பியில் அகலமான இடுப்புக்கும் வேலை இருக்கிறது, சின்ன உடம்புக்கும் வேலை இருக்கிறது. பார்க்க வந்த மாமி ஒருவர் அப்படிச் சொன்னாலும் மரியாதையாக, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

(திரையில்: ஆசனத்தில் ஒரு பிள்ளை, கடிகாரம் 30இலிருந்து குறைகிறது)

ஜாமுக்கு இடையிலான அந்த 30 செக்கனில் பயிற்றுநர் என்ன சொல்கிறார் என்பது பெரிய விஷயம். பெனால்ட்டி பொக்ஸிலிருந்து வந்த பிள்ளை கண் கலங்கி நிற்கிறது என்று வையுங்கள். ஐந்து பிழையைச் சொன்னால் ஒன்றும் ஏறாது. முதலில் மூச்சு விடட்டும், தண்ணீர் ஒரு மிடறு. பிறகு ஒரே ஒரு விஷயம், அதுவும் உடம்பால் செய்யக்கூடியதாக: "முழங்கையை உள்ளே வை, இடுப்பால மறி." "கவனமா விளையாடு" என்பதைப் பிள்ளையால் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பிழைகளைப் பற்றிக் கதைப்பதை அடுத்த பயிற்சிக்கு வையுங்கள். "இந்த ஜாம் வெளியே இருக்கிறேன் மிஸ்" என்று கேட்டால் காரணம் கேட்காமல் இருக்க விடுங்கள்.

தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த குழு என்றால், பாதையில் கூப்பிடும் சொற்களை எல்லோரும் சேர்ந்து முதலே தீர்மானியுங்கள். "இன்", "அவுட்", "போ", இப்படி நாலைந்து போதும். டெர்பிப் பெயர் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. கொச்சிக்காய், இடிமுழக்கம் என்று பிள்ளைகள் தாங்களே வைத்துக்கொண்டால் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்! மற்றவர்கள் கேலியாக வைத்த பெயரை மட்டும் ஏற்க வேண்டாம்.

வெயிலும் புழுக்கமும் கொழும்பில் வருடம் முழுக்க இருக்கும். பட்டி, தலைக்கவசத்தோடு பிள்ளைகளின் உடம்பு கெதியாகச் சூடாகும். மின்விசிறி இல்லாத மண்டபத்தில் நண்பகல் பயிற்சி வேண்டாம். தாகம் வருமுன்பே தண்ணீர் இடைவேளை விடுங்கள். தலைச்சுற்று, வாந்தி, குழப்பமான பேச்சு என்றால் உடனே நிறுத்தி, பட்டிகளைக் கழற்றி, ஈரத்துணியும் காற்றும் கொடுத்துக் குளிரவைக்க வேண்டும். பேச்சு குழம்பியிருந்தால் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தலையில் அடிபட்டால் விதி ஒன்றுதான். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. மயங்கி விழ வேண்டும் என்றில்லை. தலைவலி, வெளிச்சம் கூசுதல், "எந்தப் பாதி இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டல், வழமைக்கு மாறான எரிச்சல், இவையே போதும். "சோடா ஒன்று குடித்தால் சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலைவலி, வலிப்பு, தூங்கி விழுதல், கழுத்து வலி இருந்தால் அசைக்காமல் 1990. மற்றப்படி டொக்டரிடம் காட்டி, முதல் ஓரிரு நாள் இலேசான நடமாட்டத்தோடு ஓய்வு. பிறகு படிப்பு, பிறகு மெல்லிய உடற்பயிற்சி, பிறகு தனியாக ஸ்கேட்டிங். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். டொக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மோதல்.

பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் பயிற்சி நடத்தாதீர்கள். நிலை திருத்த உடம்பைத் தொடுமுன் கேளுங்கள். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம், பெற்றோரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். முதலுதவிப் பைக்குள் சானிட்டரி நாப்கினும் இருக்கட்டும், அது எந்தப் பக்கப் பொக்கற்றில் என்று எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஏதோ நடக்கிறது என்று மனதுக்குப் பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

அடுத்தது டியூஷன். சனியும் ஞாயிறும் காலையிலிருந்து இரவு வரை வகுப்பு ஓடுகிற ஊர் இது. ஓ.எல். வருடத்தில் பிள்ளை சில மாதம் வராது. திரும்பி வரும்போது இடம் இருக்கிறது என்று போகுமுன்பே சொல்லிவிடுங்கள். வந்ததும் பழைய படியில் நேரே ஏற்றாமல், விழுகிற பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக, மோதவே விரும்பாத பிள்ளை. டெர்பியில் ஸ்கேட்டில் ஓடுகிற நடுவர்களே ஏழு பேர் வரை இருப்பார்கள். அதற்கு மேல் புள்ளி எழுதுகிறவர், ஜாமுக்கு நேரம் பிடிக்கிறவர், பெனால்ட்டி பொக்ஸைக் கவனிக்கிறவர் என்று ஒரு கூட்டமே தேவை. உங்கள் குழுவில் அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால் அடுத்த ஞாயிறே ஒரு ஸ்டொப்வொட்சையும் விசிலையும் கையில் கொடுத்து, 30 செக்கன் முடிந்ததும் அடுத்த ஜாமைத் தொடக்கிவிடுகிற வேலையை ஒப்படையுங்கள். அந்த விசிலுக்கு நீங்களும் கட்டுப்பட வேண்டும்.