கோடை வாசிப்புச் சவால்: த்ரில்லரும் பெண்களின் நாவலும் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, நம் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

கோடை வாசிப்புச் சவாலுக்கு உரியவை காலம் தேர்ந்த இலக்கியங்களே என்று வாதாடிவிட்டு எதிரணியினர் அமர்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த த்ரில்லர்களும் பெண்களின் வாழ்வைச் சொல்லும் நாவல்களுமே உரியவை என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன். இன்று முதன்முறையாக வந்திருப்பவர்களுக்காகச் சவாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23-இல் தொடங்கி ஜூன் 10-இல் முடிகிறது. ஆறு நூல்கள்: மூன்று த்ரில்லர், மூன்று பெண்களின் நாவல், எல்லாமே கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளிவந்தவை. ஒவ்வொன்றையும் முடித்ததும் குறிப்பேட்டில் நான்கு வரி எழுத வேண்டும். அந்தக் குறிப்பேடு என் பொறுப்பில் இருப்பதால், அதில் கண்டதை வைத்தே பேசுகிறேன்.

சென்ற ஆண்டு பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர், ஐம்பதைக் கடந்தவர். திருமணத்துக்கு முன் மாத நாவல்கள் படித்ததோடு சரி, அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் புத்தகத்தைத் தொடவில்லை என்றார். அவருக்கு முதலில் ஒரு த்ரில்லரைக் கொடுத்தேன். மூன்றாம் நாளே திருப்பிக்கொண்டு வந்தார். பக்கங்களுக்கு நடுவே, ரவிக்கை அளவு குறித்த துண்டுச் சீட்டுகள் நான்கைந்து இருந்தன. "அந்தக் கணக்குப்பிள்ளை மேல எனக்கு அப்பவே சந்தேகம்மா, இங்க பாருங்க" என்று ஒரு சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்து, கணக்குப்பிள்ளை குடையை மறந்து வைத்துவிட்டுப் போகும் வரியில் விரலை வைத்தார். பிறகு இன்னொரு பக்கம்: மழையே பெய்யாத நாளில் அவன் எதற்குக் குடை எடுத்து வந்தான் என்று அவரே கேட்டார். நடுவர் அவர்களே, ஒரு நூலில் எழுத்தாளர் எதைச் சொன்னார், எதை மறைத்தார், எந்த இடத்தில் மறைத்தார் என்று திரும்பப் போய்ப் பார்ப்பதைத்தானே கூர்ந்த வாசிப்பு என்று கல்லூரி வகுப்புகளில் கற்றுக்கொடுக்கிறோம்? முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதை அவருக்கு மூன்றே நாளில் கற்றுக்கொடுத்தது ஒரு துப்பறியும் கதை.

பருவகாலத்தோடு துப்பறியும் கதை சேர்வது ஏதோ நேற்று முளைத்த வணிகத் தந்திரம் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னார். நார்வே நாட்டில் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக் குடில்களுக்குச் செல்பவர்கள் குற்றப் புனைவு நூல்களை எடுத்துச் செல்வது நூறாண்டு கடந்த வழக்கம். 1923-இல், ஈஸ்டருக்குச் சற்று முன், பெர்கன் நகர ரயில் இரவில் கொள்ளையடிக்கப்பட்டதாக ஒரு பெரிய நாளிதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது. அது செய்தி அன்று, ஒரு புதிய நாவலுக்கான விளம்பரம். விளம்பரத்தில் தொடங்கியது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் விளம்பரம் ஒரு வாரத்தில் செத்துவிடும். வழக்கத்தை நூறாண்டு காப்பாற்றி வைத்திருப்பவர்கள் வாசகர்கள். இன்றும் அந்த விடுமுறையில் பால் அட்டைப் பெட்டிகளில்கூடச் சிறு புதிர்க் கதைகளை அச்சிடுகிறார்கள் என்றால், ஒரு நாடே அந்த நாள்களைப் படிப்பதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறது என்றுதானே பொருள்?

பெண்களின் நாவல்கள் அடுப்படியைத் தாண்டாதவை என்று எதிரணித் தலைவர் சொன்னபோது, உண்மையாகவே எனக்கு வருத்தமாக இருந்தது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுவதற்காகத் தூத்துக்குடிப் பகுதிக்கே போய் அவர்களோடு பழகினார். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி எழுத அங்கேயும் சென்றார். எந்தத் த்ரில்லர் எழுத்தாளருக்கும் குறையாத துணிவு அது. சரி, அடுப்படியைத் தாண்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் இசுலாமியப் பெண்கள் வீட்டுக்குள் படும் பாட்டைக் கன்னடத்தில் எழுதிய பானு முஷ்டாக்கின் சிறுகதைத் தொகுப்புக்குத்தான், தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், 2025-ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அடுப்படியில் நடப்பதை அக்கறையோடு சொன்னால் உலகம் காது கொடுக்கும்.

இனி நான் இன்று முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் அருகருகே வைத்ததில்தான் சவாலின் வலிமை இருக்கிறது. த்ரில்லர்களில் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: பல கதைகள் ஒரு பெண்ணின் பிணத்தோடு தொடங்குகின்றன, அவள் யார், எதை விரும்பினாள், காலையில் யாருக்குச் சமைத்துவிட்டுக் கிளம்பினாள் என்று கடைசிப் பக்கம் வரை யாரும் கேட்பதில்லை. ஆனால் நடுவில் பெண்கள் எழுதிய இரண்டு நாவல்களைப் படித்துவிட்டு வரும் வாசகர், அடுத்த த்ரில்லரின் முதல் பக்கத்தில் அந்தப் பிணத்தைப் பழையபடி கடந்து போவதில்லை. குறிப்பேட்டில் ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். செத்துப்போனவளின் தங்கை என்ன ஆனாள் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை." அவருக்கு வயது பத்தொன்பது.

இந்த இரண்டு வகையும் இப்படி அருகருகே இருப்பது நம் மொழிக்குப் புதிதும் இல்லை. பள்ளிக்கே செல்லாமல், சிறு வயதிலேயே மணமாகி, முதல் படைப்பைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1925-இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய அவர் 115 நாவல்கள் எழுதினார். தொடக்கத்தில் அவருக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர், துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கைகோத்து நடந்த இரண்டையும் சேர்த்துத் தள்ளிவைக்கச் சொல்வது எப்படி நியாயமாகும்?

காலம் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார்கள். காலம் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவில்லை. கல்கியின் சரித்திரத் தொடர்களை வார இதழில் சுடச்சுடப் படித்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தவர்கள்தான் அவற்றைக் காலத்திடம் ஒப்படைத்தார்கள். புதியதைப் புதியதாக இருக்கும்போதே படிப்பவர் இல்லாவிட்டால், நாளைக்குத் தேர்ந்தெடுக்கக் காலத்திடம் என்ன இருக்கும்?

எண்ணிக்கை வாசிப்பைப் பந்தயமாக்கிவிடும் என்ற வாதத்துக்கு விடை எளிது. 49 நாள்களில் ஆறு நூல்கள். ஒரு நூலுக்கு எட்டு நாள். 240 பக்க நாவல் என்றால் நாளுக்கு முப்பது பக்கம். மூச்சிரைக்க ஓடும் வேகம் இது இல்லை.

சீர்காழியில் பிறந்த சி. இரா. அரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும் ஒன்று. வாசகருக்கு எது உரியது என்பதை அலமாரிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம் முடிவுசெய்துவிட்டு, அவர் வரவில்லையே என்று குறைப்படக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது. அந்தத் தையற்காரம்மாவின் வீட்டிலிருந்தும்தான். தனக்குப் பிடித்த நூலை நூலகத்தில் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

அவர் நான்காவதாகப் படித்தது மாமியார் மருமகள் கதை. குறிப்பேட்டில் நீண்ட நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இப்படி எழுதினார்: "மருமகள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் அந்த மாமியாரையும் ஒரு தடவை பேசவிட்டிருக்கலாம்." ஓர் ஆசிரியர் தன் பாத்திரத்துக்கு நியாயம் செய்யவில்லை என்று எழுதுவதற்கு எவ்வளவு பட்டறிவும் எவ்வளவு துணிவும் வேண்டும்! அவர் வீட்டுக்கு மருமகள் வந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

நடுவர் அவர்களே, இந்த ஆண்டுச் சவாலுக்குப் பெயர் பதிவு நேற்றுத் தொடங்கியது. முதல் ஆளாக அவர் வந்தார். தன் பெயருக்குக் கீழே மருமகளின் பெயரையும் எழுதச் சொன்னார். அதே கதையை அவளுக்கும் கொடுக்க வேண்டும், அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க வேண்டும் என்றார். அந்த நாவல் பட்டியலில் நீடிக்குமா என்பது உங்கள் தீர்ப்பில் இருப்பதால், இன்னும் எடுத்து வைக்காமல் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.